மணல் தின்ற பக்கம்

ஷெஹாத்தாவுக்கு முன்னால் அவன் அம்மா பெற்ற பிள்ளைகளில் ஒன்றுகூடத் தவழும் பருவத்தைத் தாண்டவில்லை. இவன் பிறந்ததும் அவள் குழந்தையைக் கந்தலில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டில் மாவுக்கும் எண்ணெய்க்கும் குறைவில்லை என்பதையும் மறந்து, கோம் ஸய்யாத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கையேந்தினாள். ஒரு வீட்டில் ரொட்டித் துண்டு கிடைத்தது, இன்னொரு வீட்டில் வெங்காயம், மற்றொன்றில் பழைய சட்டைத் துணி. பிச்சைக்காரியின் பிள்ளையைச் சாவுகூட லட்சியம் செய்யாது என்பது எங்கள் எகிப்துக் கரையில் எல்லோரும் நம்புகிற விஷயம். பெயரையும் அப்படியே வைத்தாள். ஷெஹாத்தா என்றால் பிச்சை.

சாவு ஏமாந்துதான் போனது. பையன் வளர்ந்தான், கடலுக்குப் போனான், மாமனார் கண் மங்கியபோது அவருடைய படகின் சுக்கானும் இவன் கைக்கு வந்தது. சுக்கான் பிடிப்பவனை எங்கள் ஊரில் ரயிஸ் என்போம். சின்னப் படகா பெரிய படகா என்பதெல்லாம் கணக்கில்லை. நாலு பேர் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவன் ரயிஸ். வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடவேண்டும். ஷெஹாத்தாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவனிடம் ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட ஒன்று உண்டு. அவன் வலை. அலெக்ஸாந்திரியாவுக்கும் ரஷீதுக்கும் நடுவில் அவன் வலை உழைத்த மாதிரி எவன் வலையும் உழைத்ததில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சோம்பேறித்தனத்தில் பாதி நாள் விட்டுவிடுவதை அவன் ஒரு நாளும் விடமாட்டான், அவ்வளவுதான். வலையைக் கழுவிக் கயிற்றில் போடுவான். வெயில் உச்சிக்கு வந்ததும் புரட்டிப் போடுவான். நேற்றுக் கடலைப் பார்த்த பக்கம் இன்றைக்குப் படகைப் பார்க்கவேண்டும், இன்றைக்குப் படகைப் பார்த்த பக்கம் நாளைக்குக் கடலுக்குப் போகவேண்டும். ஒரே பக்கத்துக்கு எல்லாப் பாட்டையும் கொடுத்தால் அது சீக்கிரம் செத்துப்போகும் என்பான். வலையைப் பற்றிப் பேசும்போது அவன் மனைவி நபவிய்யா குறுக்கே விழுவாள். பிள்ளை ராகிபின் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"வலைக்குக் காட்டுற கரிசனத்துல பாதி எனக்குக் காட்டினா நானும் இப்படி இருந்திருக்க மாட்டேன், ராகிப் அப்பா. என்னைய ஒரு நாளாவது நெழல்ல உக்கார வெச்சிருக்கியா?"

"உன்னையும் கயித்துல போட்டுப் புரட்டவா?" என்பான் அவன்.

யுத்தம் வந்தது. முதலில் அது யாருடைய யுத்தமோ என்று இருந்தோம். பிறகு வெள்ளைக்காரன் எங்கள் கடலில் வெடிகளை மிதக்கவிட்டு, கரையில் முள்கம்பி இழுத்து, படகு இறங்கினால் சுடுவோம் என்று பலகை அடித்து வைத்தான். மீன்களுக்கு நல்ல காலம். படகுகள் மணலில் குப்புறக் கிடந்தன; வெயிலில் பலகை வாய் பிளந்தது. ஷெஹாத்தா கொஞ்ச நாள் தினமும் போய்ப் படகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்கவேண்டி வந்ததும் அதையும் விட்டான்.

ஊருக்கு மேற்கே, உப்பு வயலைத் தாண்டி, வெள்ளைக்காரன் விமானப் பட்டறை ஒன்று போட்டிருந்தான். பாலைவனத்துச் சண்டையில் அடிபட்ட விமானங்கள் அங்கே வந்து ஒட்டுப்போட்டுக்கொண்டு திரும்பிப் போகும். ஊர் ஆம்பிளைகள் பாதிப் பேர் அங்கேதான் கூலிக்குப் போனார்கள். ஷெஹாத்தா கடைசியாகப் போனவர்களில் ஒருவன். அவனுக்குக் கிடைத்தது கழுவுகிற கொட்டகை.

என்ன கழுவுவது என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். விமானத்தின் மூக்குக்குக் கீழே, தாடை வீங்கின மாதிரி ஒரு தகரப் பெட்டி தொங்கும். இன்ஜின் மூச்சு வாங்குவது அந்தப் பெட்டி வழியாகத்தான். பாலைவனத்தில் காற்று என்றால் பாதி மணல். மாவு மாதிரி சலித்த மணல். அதை அப்படியே உள்ளே இழுத்தால் இன்ஜினுக்கு நெஞ்சு அறுந்துபோகும். அதனால் பெட்டிக்குள் சட்டம் போட்ட தட்டுகள் செருகியிருப்பார்கள். கம்பி வலையும் கம்பளித் துணியும் சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, எண்ணெயில் நனைத்த தட்டு. மணல் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், காற்று மட்டும் உள்ளே போகும். பாலைவனத்திலிருந்து வருகிற தட்டுகள் அடைமாதிரி கனத்துக் கிடக்கும். அவற்றைப் பெட்ரோலில் அலசி, உலர்த்தி, மறுபடி எண்ணெயில் முக்கி, வடியவிட்டு, அடுக்கிவைக்கவேண்டும். பொருத்துகிறவர்கள் அடுக்கிலிருந்து எடுத்து, மேலே இருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி செருகிவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோதே வாசலில் கேலி காத்திருந்தது. "ரயிஸ், இன்னைக்கு வலையில என்ன பட்டுச்சு?"

"பாலைவனம் முழுக்கப் பட்டுச்சு. வா, வறுத்துத் தின்னலாம்," என்றான் ஷெஹாத்தா.

ஆனால் அவன் மனசுக்குள் அது கேலியாக இல்லை. கம்பி, கண்ணி, சட்டம். கையில் எடுத்ததுமே அவனுக்கு அது வலைதான். அவனுக்கு முன்னால் இருந்தவர்கள் தட்டுகளைத் தரையில் பரப்பி உலர்த்துவார்கள். ஒரு புறம் காய்ந்து மறுபுறம் ஈரமாகவே இருக்கும். ஷெஹாத்தா கொட்டகைக்கு வெளியே இரண்டு கம்பம் நட்டுக் கயிறு கட்டினான். தட்டுகளைத் தொங்கவிட்டான். வெயில் உச்சிக்கு வந்ததும் எல்லாவற்றையும் புரட்டினான். அடுக்கும்போதும் அதே முறை. போன தடவை வெளியே இருந்த பக்கம் இப்போது கீழே. உள்ளே இருந்த பக்கம் மேலே. இரண்டு பக்கமும் சமமாக உழைக்கட்டும் என்று.

சட்டத்தின் ஒரு பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தார்களாம். பெட்ரோலில் அலசி அலசி அது எப்போதோ போய்விட்டது. ஷெஹாத்தா வந்தபோது பொட்டும் இல்லை, பொட்டு எதற்கு என்று சொல்ல ஆளும் இல்லை.

அவன் வந்தபிறகு தட்டுகள் பளிச்சென்று போயின. அதற்குக் காரணம் இருந்தது. பெட்ரோலுக்குப் பஞ்சம், ஒரு பீப்பாயில் ஊற்றியதையே குழம்பு மாதிரி ஆகும்வரை வைத்துக்கொண்டு அலசவேண்டும். எவ்வளவு அலசினாலும் மணல் தின்ற பக்கம் கொஞ்சம் பழுப்பாகவே இருக்கும். மறுபக்கம் புதுத்துணி மாதிரி இருக்கும். இப்போது அந்தப் புதுப்பக்கம்தான் வெளியே தெரிந்தது. பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தன் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துத் தலையாட்டினான். அவன் தலையாட்டினது கொட்டகை மேஸ்திரி அப்துல் மக்ஸூதுக்குப் பெருநாள் மாதிரி. மக்ஸூத் பட்டணத்து ஆள். டிராம் பணிமனையில் இருந்து வந்தவர். அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு, கயிற்றில் போடுவதும் புரட்டுவதும் தான் யோசித்துக் கொண்டுவந்த முறை என்றும், இனிமேல் எல்லாரும் இப்படித்தான் செய்யவேண்டும் என்றும் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் சட்டையில் ஒரு பித்தளை வில்லை ஏறியது. ஷெஹாத்தாவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஊர் முழுக்கத் தன் வலைமுறையைக் கற்றுக்கொண்ட மாதிரி அவனுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பட்டறையில் சரிசெய்த விமானத்தை மேலே ஓட்டிப் பார்க்கிற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இருந்தான். வெள்ளைக்காரர்களுக்கு நாங்கள் பேர் வைத்துவிடுவோம். நிஜப்பேர் வாயில் நுழையாது. இவனுக்குக் காது இரண்டும் வெயிலில் வெந்து உரிந்துபோயிருக்கும். சிவப்புக் காது என்று வைத்தார்கள். எந்த ஊர்க்காரன் என்று தெரியாது, ஆடு அதிகம் உள்ள ஏதோ ஒரு தீவு என்று சைகையில் காட்டினானாம். மற்ற வெள்ளைக்காரர்கள் கொட்டகைப் பக்கமே வரமாட்டார்கள். இவன் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் மூக்குப் பெட்டிக்குள் விரலை விட்டுத் தட்டைத் துடைத்துப் பார்ப்பான். விரல் சுத்தமாக இருந்தால் அதைத் தூக்கிக் கொட்டகையைப் பார்த்துக் காட்டுவான். ஷெஹாத்தாவும் கொட்டகை வாசலில் நின்று தன் விரலைத் தூக்கிக் காட்டுவான். இருவருக்கும் நடுவில் இருந்த பாஷை அவ்வளவுதான். ஒரு நாள் ஷெஹாத்தா, காவலாளிகளின் கண்ணில் மண்ணைத் தூவிக் கழிமுகத்தில் பிடித்த மடவையை வறுத்து ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தான். சிவப்புக் காது முள்ளோடு தின்றான். தொண்டையில் முள் சிக்கி இருமினபோது ஷெஹாத்தா பயந்துபோய், உருண்டையாக ரொட்டி விழுங்கச் சொல்லிக் காட்டி, முதுகில் தட்டினான்.

"உன் வெள்ளைக்காரப் புள்ள எப்படி இருக்கான்?" என்று நபவிய்யா வீட்டில் கேட்பாள்.

"முள்ளு எடுக்கத் தெரியாத புள்ள. அதை வானத்துல ஏத்தி அனுப்புறானுங்க," என்பான் அவன்.

அந்தக் கோடையில் ஜெர்மன்காரன் அலெக்ஸாந்திரியாவுக்கு மேற்கே அலமைன் வரைக்கும் வந்துவிட்டான். காற்று மேற்கிலிருந்து அடித்தால் பீரங்கிச் சத்தம் கேட்டது. அலெக்ஸாந்திரியாவில் பாதிக் கடைக்காரர்கள் ஜெர்மன் கொடி தைத்து வைத்திருப்பதாகப் பேச்சு. பட்டறையில் வெள்ளைக்காரர்களின் முகமே மாறிப்போனது. வாசலில் உடம்பைத் தடவிப் பார்க்கிற சோதனை இரட்டிப்பானது. ஒரு திருகாணி கையில் இருந்தால்கூட எதிரியின் ஆள் என்று இழுத்துப்போனார்கள். ஒட்டுப்போட்ட விமானங்களை வரிசையாக நிறுத்தி, பாலைவனத்துக்கு அனுப்பத் தயார் செய்தார்கள். சிவப்புக் காதும் இந்தத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறவனாக இல்லை. சண்டைக்கே போகிறான் என்று சொன்னார்கள். வரிசையில் முதல் விமானம் அவனுடையது.

விமானங்கள் பகல் தொழுகைக்குப் பிறகு கிளம்புவதாக இருந்த அன்று காலையில்தான் கார்னிக் ஷெஹாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

கார்னிக் இன்ஜின் கொட்டகையில் பொருத்துகிறவன். ஆர்மீனியன். குழந்தையாக இருக்கும்போது சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு அலெக்ஸாந்திரியாவில் ஒதுங்கினவன். அலமைனிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த இன்ஜின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். இந்தப் பட்டறையிலிருந்து போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் எண்ணெயைப் புகையாகக் கக்கி, வலு இழந்து திரும்பியிருந்தது. கார்னிக் ஷெஹாத்தாவின் கையைப் பிடித்து, இன்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய்க்குள் விட்டான்.

விரலில் பசை ஒட்டியது. எண்ணெயும் மணலும் குழைந்த பசை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் ஷெஹாத்தாவுக்கு அது தெரியும். தினமும் பீப்பாயில் அலசுவது அதைத்தான். ஆனால் அது தட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கவேண்டியது. தட்டைத் தாண்டி, இன்ஜினுக்குப் போகிற வழியில் இது எப்படி வந்தது?

"இந்தத் தட்டுக்கு முகமும் இருக்கு, முதுகும் இருக்கு, ரயிஸ்," என்றான் கார்னிக். "மணல் தின்ன பக்கம் எப்பவும் மணலையே பாத்திருக்கணும். நீங்க கழுவினாலும் அது வயித்துல மணல் மிச்சம் இருக்கும். அதைத் திருப்பி உள்ள பாத்த மாதிரி வெச்சா, இன்ஜின் இழுக்குற இழுப்புல அவ்வளவும் உள்ள போகுது. யார் இப்படித் திருப்பினது?"

ஷெஹாத்தா தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான்," என்றான்.

கார்னிக் எழுந்துபோய் வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தான். அப்புறம், இன்ஜின் உடனே நிற்காது, முதலில் சத்தம் மாறும், பிறகு புகை வரும், பிறகு ஏறவேண்டிய நேரத்தில் ஏறாது என்று அடங்கின குரலில் சொன்னான். எதிரி பின்னால் வரும்போது ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று ஷெஹாத்தா கேட்கவில்லை. கடலில் காற்று நின்றுபோனால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு இதைக் கேட்கவேண்டியதில்லை.

"நீ இங்கிலீஷ் பேசுவே. வா, போய் சொல்லுவோம்," என்றான்.

"எனக்கு நாடே கிடையாது, ரயிஸ். கையில ஒரு காகிதம் இல்ல. இந்த நேரத்துல நான் போய் விமானமெல்லாம் கெட்டுக் கெடக்குன்னு சொன்னா, யார் கெடுத்தான்னுதான் மொதல்ல கேப்பான். எனக்கு வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ள." கார்னிக் கையைத் துடைத்துக்கொண்டான். "மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. அவர் வாயில இருந்து போனா நிக்கும்."

மக்ஸூத் கழுத்தில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஷெஹாத்தா சொல்லி முடிக்கும்வரை நிதானமாகக் கேட்டார். கேட்டபிறகு எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. இதை நான் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தவர்கள் உண்டு. நாளையிலிருந்து எல்லாத் தட்டுக்கும் சாயப் பொட்டு வைத்துவிடலாம், புரட்டுவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார்.

"நாளைக்குச் சரி, மேஸ்திரி. வெளிய நிக்குதே, அது?"

"அது போகட்டும்."

"அதுல போறவங்க?"

"ஷெஹாத்தா, நான் சொல்றதைக் கேளு. இது நம்ம கொட்டகை செஞ்சதுன்னு தெரிஞ்சா உன்னைய மட்டும் பிடிக்கமாட்டான். என்னைய, இவனுங்கள, எல்லாரையும் செவுத்துல சாத்திச் சுட்டுருவான். ஜெர்மன்காரன் வாசல்ல நிக்குறான். இப்போ போய், தெரியாம செஞ்சோம் தொரன்னு சொன்னா எவன் நம்புவான்? நீயே சொல்லு, நீ நம்புவியா?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் ஷெஹாத்தாவை அதிகம் அலைக்கழித்தது. சுற்றிலும் யாராவது அயோக்கியனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான்.

வெளியே வந்தான். விமானங்கள் வெயிலில் நின்றன. சிவப்புக் காது தன் விமானத்தின் இறக்கைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து காலணிக்குள்ளிருந்த மணலைக் கொட்டிக்கொண்டிருந்தான். ஷெஹாத்தா அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவனிடம் போனான். கழுவுகிறவன் விமானத்தின் பக்கம் போகக்கூடாது. அதுவரை அவன் போனதும் இல்லை.

அவனைப் பார்த்ததும் பையன் சிரித்தான். மீன் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்திருக்கவேண்டும். ஷெஹாத்தா தட்டைக் காட்டினான். அதைப் புரட்டினான். மூக்குப் பெட்டியைக் காட்டினான். மறுபடி புரட்டினான். கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினான். இன்ஜின் இருமும் என்பது அவன் அர்த்தம். பையனுக்கு முள் சிக்கின நாள் ஞாபகம் வந்துவிட்டது. அவனும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினான், ரொட்டி விழுங்குகிற மாதிரி வாயை அசைத்தான், விழுந்து விழுந்து சிரித்தான்.

ஷெஹாத்தா தலையை ஆட்டினான். இல்லை, இல்லை. அவன் கையைப் பிடித்து எழுப்பி, மூக்குப் பெட்டிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனான். உள்ளே விரலை விட்டுப் பார் என்று காட்டினான். உள்ளே, இன்னும் உள்ளே, தட்டுக்கு அந்தப் பக்கம். விரல் அந்தப் பக்கம் எப்படிப் போகும்? தட்டுதான் மறைத்துக்கொண்டிருக்கிறதே.

சிவப்புக் காதுக்கு இப்போது புரிந்த மாதிரி இருந்தது. எப்போதும் செய்வதை இன்றைக்கு மறந்துவிட்டோம், அதைத்தான் இந்த மீன்காரர் ஞாபகப்படுத்துகிறார் என்று. விரலை விட்டான். தட்டின் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தான். விரலை வெளியே எடுத்து ஷெஹாத்தாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான்.

விரல் சுத்தமாக இருந்தது. ஷெஹாத்தா கழுவின எந்தத் தட்டிலும் அவ்வளவு சுத்தமான விரல் வந்ததில்லை.

பையன் அந்த விரலைத் தூக்கியபடியே, இவனும் பதிலுக்குத் தூக்குவான் என்று காத்து நின்றான். ஷெஹாத்தாவின் கை எழவில்லை. பையன் அவன் கையைத் தானே பிடித்துத் தூக்கி, விரலோடு விரலை முட்டவைத்து, தோளில் தட்டிவிட்டு, இறக்கையில் ஏறிப்போனான்.

அதற்கப்புறம் ஷெஹாத்தா செய்தது அறிவோடு செய்ததில்லை. மூக்குப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுத் தட்டைப் பிடித்து இழுத்தான். அதற்குக் கொக்கிகள் உண்டு. கருவி இல்லாமல் கழலாது. கம்பி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. சட்டம் வளைந்தது, வரவில்லை. இரண்டு காவலாளிகள் ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த பையன் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். அந்த முகத்தைத்தான் ஷெஹாத்தா பிற்பாடு நபவிய்யாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்: கோபம் இல்லை, பயம் இல்லை, மீன் கொடுத்த மனுஷன் இப்படிச் செய்துவிட்டானே என்ற ஒரு பார்வை.

அவனைத் தரதரவென்று இழுத்துப்போகும்போதே இன்ஜின்கள் முழங்க ஆரம்பித்துவிட்டன. விமானங்கள் ஓடின ஓட்டத்தில் புழுதி எழுந்து கொட்டகை, கம்பம், கயிறு எல்லாவற்றையும் மூடியது. முன்னால் போகிறவன் கிளப்பின புழுதியைப் பின்னால் போகிறவன் மூச்சாக இழுத்துக்கொண்டு போனான். வாயில் மணல் கரகரக்க ஷெஹாத்தா கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

விசாரணையில் மக்ஸூத்தான் அவனைக் காப்பாற்றினார். காப்பாற்றினார் என்றுதான் சொல்லவேண்டும். இவன் எதிரியின் ஆள் இல்லை துரை, சாதாரணத் திருடன், தட்டில் இருக்கும் கம்பியைக் கழற்றி மீன்கூடைக்கு விற்கிறவன், ஊரே இப்படித்தான் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். சுவரில் சாத்தவேண்டியவனைச் சிறையில் போட்டார்கள். ஷெஹாத்தா அங்கேயும் உண்மையைச் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டார். திருடன் தன் திருட்டுக்கு இவ்வளவு நீளமாகக் காரணம் சொல்வதை அவர் கேட்டதில்லையாம்.

வெளியே வந்தபோது சண்டை மேற்கே வெகுதூரம் போய்விட்டிருந்தது. அலமைனில் வெள்ளைக்காரன் ஜெயித்துவிட்டான். நபவிய்யா அவன் கையில் இருந்த வடுவைத் தடவிப் பார்த்தாள்.

"நீ வேணும்னு செய்யலையே. அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாதே."

"செயிச்சுட்டாங்கல்ல? அப்ப விமானமெல்லாம் நல்லாத்தானே பறந்திருக்கும்?"

அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று ரொம்ப நாள் யோசித்தான். ஜெயித்தது நாடு. முள் எடுக்கத் தெரியாத ஒருத்தன் ஜெயித்தானா என்று நாடு சொல்லாது.

ஒரு வெள்ளிக்கிழமை, மடவை வறுத்து, ரொட்டியில் சுற்றி, பட்டறை வாசலுக்குப் போனான். காவலாளி எங்கள் ஊர்க்காரன்தான், ஷெஹாத்தாவைத் தெரிந்தவன். உள்ளே விடமுடியாது என்றான். உள்ளே வரவில்லை, ஒருத்தனைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தேன் என்றான் ஷெஹாத்தா.

"யாரு?"

"சிவப்புக் காது."

"பேரு என்ன, ரயிஸ்?"

ஷெஹாத்தா வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேர் தெரியாது. ஊர் தெரியாது. விமானத்தில் எழுதியிருந்த எழுத்து என்ன என்று வாசிக்கத் தெரியாது. ஆடு இருக்கிற தீவு, வெயிலில் வெந்த காது, சுத்தமான ஒரு விரல். இவ்வளவுதான் கையில்.

"காது செவந்து, தோல் உரிஞ்சு இருக்கும். ஒல்லியா, ஒசரமா."

காவலாளி சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "இவனுங்க எல்லாருக்குமே காது அப்படித்தான் இருக்கு, ரயிஸ். நான் எவன்னு சொல்ல?"

மீனை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். திருப்பிக் கொண்டுபோக மனசு வரவில்லை. காவலாளியிடமே கொடுத்துவிட்டு நடந்தான்.

யுத்தம் முடிந்து வெடிகளை அள்ளியபிறகு கடலைத் திறந்துவிட்டார்கள். படகுக்குப் புதுப் பலகை அடித்துக் கடலுக்குப் போனான். கூட வந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ரயிஸ் வலையைக் கழுவுகிறான், கயிற்றில் போடுகிறான், உச்சிவெயிலில் பக்கத்தில் வந்து நிற்கிறான், ஆனால் புரட்டுவதில்லை. யாராவது புரட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வான். ஊரில் அதிக நாள் உழைத்த அவன் வலை இப்போது ஒரு பக்கமாக நைந்து, வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டியதாயிற்று. நபவிய்யா அதை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் கண் பூத்துப்போனாள். திட்டுவாள். காரணம் மட்டும் கேட்கமாட்டாள்.

பெருநாள் வந்தால் பட்டறை வாசலுக்கு மீன் கொண்டுபோவது நிற்கவில்லை. காவலாளிகள் மாறினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் கிழவர் யார், எதற்கு வருகிறார் என்று தெரியாது. கொஞ்சம் மண்டை கலங்கினவர், மீன் நன்றாக இருக்கும், விரட்டாதே என்று பழைய ஆள் புது ஆளிடம் சொல்லிவிட்டுப் போவான். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினபிறகு பட்டறை நம் ராணுவத்தின் கைக்கு வந்தது. ஷெஹாத்தா அப்போதும் போனார்.

கடைசி வருஷம், இருமல் முற்றியிருந்த நேரம், பொட்டலத்தை வாங்கிக்கொண்ட காவலாளி, எங்கோ தெற்கே நைல் கரைக் கிராமத்திலிருந்து வந்த இளைஞன், மரியாதைக்காகக் கேட்டான்: "யாருக்குக் குடுக்கணும், ஹாஜி?"

அவர் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. திருத்தவும் இல்லை. பட்டறைக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பமும் கயிறும் இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள்.

"யாராவது சாப்பிடுங்கப்பா," என்றார். "முள்ளை மட்டும் பாத்து எடுத்துடுங்க."